மறக்கப்பட்ட மக்கள்: வெல்யோ தோர்மிஸின் இரட்டை இசைவட்டு

எஸ்தோனியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான இசை உறவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தேசியகீதத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் பிறந்து ஹெல்சிங்கியில் வாழ்ந்த பிரெட்ரிக் பாசியுஸ் 1848இல் அமைத்த ஒரே மெட்டைத்தான் இரு நாட்டினரும் வெவ்வேறு வரிகளுடன் பாடுகிறார்கள். சுவையான செய்தி என்றாலும், ஒரு ஜெர்மானியரின் மெட்டைக் கொண்டு இவ்விரு நாடுகளின் உறவை அளப்பது சற்று வேடிக்கையானது. அந்த உறவின் பழைய அடித்தளத்தைக் காதால் கேட்டறிய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது, எஸ்தோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸின் ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற பாடற்குழுப் படைப்பை. ஜெர்மனியின் இசிஎம் இசைப்பதிவு நிறுவனம் இதை 1992இல் இரட்டை இசைவட்டாக வெளியிட்டது.

1970 முதல் 1989 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தோர்மிஸ் எழுதிய ஆறு பாடல் தொகுதிகள் இதில் உள்ளன. லிவோனியர், வோத்தியர், இசோரியர், இங்கிரிய பின்னியர், வெப்ஸியர், கரேலியர் என்று தொகுதிக்கு ஒரு மக்கள். ஒவ்வொன்றும் அவரவர் மொழியிலேயே பாடப்படுகிறது. எஸ்தோனிய மொழிக்கும் பின்லாந்தின் மொழியான பின்னிய மொழிக்கும் நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பேசும் இம்மக்கள் லாட்வியாவின் கூர்லாந்துக் கடற்கரையிலிருந்து ரஷ்யாவின் ஒனேகா ஏரி வரை சிதறி வாழ்ந்தவர்கள். பாடுவது தொனு கல்யுஸ்தே 1981இல் நிறுவிய எஸ்தோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் பாடற்குழு, நடத்துபவரும் அவரே. ஒலிப்பதிவு நடந்ததோ பின்லாந்தின் எஸ்போ நகரிலுள்ள தாபியோலா தேவாலயத்தில். வெறும் கான்கிரீட் சுவர்களால் ஆன அந்தக் கட்டடத்தின் நீண்ட எதிரொலி, கருவிகளின் துணையின்றிப் பாடும் குரல்களுக்கு மிகவும் ஒத்துப்போகிறது.

தொகுப்பின் உயிர்நாடி இசோரியத் தொகுதியே. பறவை ஒன்று இட்ட முட்டையிலிருந்து உலகம் உருவான கதை எஸ்தோனிய நாட்டுப்பாடல்களிலும் உண்டு, பின்லாந்தின் ‘கலேவலா’ காவியத்திலும் உண்டு. இங்கே அதை இசோரியர் வழியில் கேட்கிறோம். கதையை விட முக்கியமானது யாப்பு. அடிக்கு 8 அசைகள், அடுத்தடுத்த சொற்களைப் பிணைக்கும் மோனை, முன்னடியின் பொருளையே வேறு சொற்களால் அடுத்த அடியில் திருப்பிச் சொல்லும் முறை ஆகிய மூன்றும் பின்லாந்து வளைகுடாவின் இரு கரைகளுக்கும் பொதுவானவை. எஸ்தோனியர் இதனை ‘ரெகிலௌல்’ என்கிறார்கள். முன்பாட்டுக்காரர் ஓரடி பாட, அதன் கடைசி அசைகளிலேயே குழு இணைந்து அந்த அடியைத் திருப்பிப் பாடுகிறது. மூச்சு விடும் இடைவெளி கேட்பவருக்குத் தெரிவதே இல்லை. தோர்மிஸ் இந்தக் குறுகிய மெட்டுகளை வளர்த்து அலங்கரிக்க முற்படாமல், மெட்டை அப்படியே நிறுத்திவிட்டு அதன் அடியில் நீண்ட சுரங்களை விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒளியை மட்டும் மாற்றுகிறார். நாட்டுப்பாடலைத் தான் பயன்படுத்தவில்லை, நாட்டுப்பாடல்தான் தன்னைப் பயன்படுத்துகிறது என்று அவர் சொல்லி வந்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

இந்தப் பகுதியைப் பின்லாந்தின் இசை வரலாறும் மறக்க முடியாது. இசோரியப் பாடகி லாரின் பாரஸ்கே பாடியதைப் பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியுஸ் 1891இல் போர்வோ நகரில் நேரில் கேட்டார். அவர் கேட்ட மரபையே எண்பது ஆண்டுகளுக்குப் பின் தோர்மிஸ் எதிர்ப்புறத்திலிருந்து வந்து சேர்கிறார். இங்கிரியத் தொகுதியில் இந்த நெருக்கம் இன்னும் வெளிப்படை: பின்னிய மொழியின் கிளைவழக்கிலேயே அமைந்த ஆட்டப் பாடல்கள் அவை, ஒரு கிராமத்து மாலைப்பொழுது வீடு திரும்புதலோடு முடிவதைப் போல அடுக்கப்பட்டுள்ளன. இங்கிரியர் ஸ்டாலின் காலத்தில் நாடுகடத்தப்பட்டுச் சிதறியவர்கள் என்பதை அறிந்து கேட்பவருக்கு, இந்த உற்சாகம் அவ்வளவு எளிதாக இறங்காது.

லிவோனியத் தொகுதியின் முதல் பாடல் வசந்தகாலத்தில் பறவைகளை எழுப்பும் சடங்கிலிருந்து வந்தது. ‘சிச்சோர்’ என்ற ஒலிக்குறிப்பு பெண் குரல்களில் மீண்டும் மீண்டும் எழுந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்கிறது. லிவோனிய மொழியைத் தாய்மொழியாகக் கற்ற கடைசி மனிதர் 2013இல் காலமானார். பாடல் எழுதப்பட்ட ஆண்டு 1970.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாடற்குழுவின் தூய்மை சில இடங்களில் மிகையாகிவிடுகிறது. வோத்தியத் திருமணப் பாடல்களில் விருந்தினரைக் கேலி செய்யும் பகுதியில் சற்றுக் கரகரப்பும் குறும்பும் வேண்டும். இங்கோ ஒவ்வொரு சுரமும் சலவை செய்தது போல் இருக்கிறது. வெப்ஸியத் தொகுதியின் பதினைந்து சிறு பாடல்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வெப்ஸியரிடம் மேற்சொன்ன யாப்பு மரபு இல்லை என்பதால், தொகுப்பு முழுவதையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு அங்கே தளர்கிறது. அது தோர்மிஸின் பிழையன்று, அம்மக்களின் பாடல் வேறு வகையானது.

இரண்டு வட்டுகளையும் ஒரே மூச்சில் கேட்பது வீண். ஒரு மாலைக்கு ஒரு தொகுதி, அதுவும் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதே நல்லது. பொருள் தெரியாவிட்டால் திருப்பிப் பாடும் முறை வெறும் திரும்பக் கூறலாகவே தோன்றும். வட்டு வாங்க இயலாதவர்களுக்கு இணையவழி இசைச் சேவைகளிலும் இது கிடைக்கிறது. புதியவர்கள் இசோரியத் தொகுதியில் தொடங்கி, இங்கிரியத்தைக் கேட்டபின் லிவோனியத்துக்கு வரலாம்; வெப்ஸியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.