இரண்டு லட்ச ரூபாயில் ஒரு கார்: டெல்டாவில் எதை வாங்கலாம்?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் பழைய கார் தேடுவோர் பெருகிவிடுகிறார்கள். கையில் இரண்டு லட்சம் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டரை. வீட்டில் முழங்கால் வலிக்கார அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். அவ்வப்போது தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும், முகூர்த்த நாட்களில் கல்யாணங்களுக்குப் போக வேண்டும். அப்படியொரு குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான் இந்த வண்டிகளை எடைபோடுகிறேன். அவர்களுக்கு இந்தப் பணம் ஓராண்டு உழைப்பு. தவறான வண்டியில் அது முடங்கிவிடக் கூடாது.

மாடலுக்கு முன்னால் பதிவுத் தேதியைப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி, தகுதிச் சான்றுக்காகச் செய்யும் டிங்கரிங், பெயின்ட் வேலை எல்லாம் அதற்கு மேல். அதனால் 2008 வண்டியை மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது உண்மையில் மலிவா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012, 2013 வண்டி என்றால் 2027, 2028 வரை இந்தத் தொல்லை இல்லை.

இந்த ஒரு கணக்கிலேயே பழைய சான்ட்ரோ பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அதன் 1086 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின் மென்மையானது, உள்ளே ஏறி உட்கார வசதியான வண்டி அது. 2014 வரை தயாரிப்பில் இருந்ததால் கடைசி ஆண்டுகளின் சான்ட்ரோ ஜிங் கிடைத்தால் யோசிக்கலாம். ஆனால் அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை இன்ஜினோடு சேர்ந்து இயங்கவைக்கும் ரப்பர் பட்டை இருக்கிறது. அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் இல்லையென்றால், வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்து இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

உண்மையான போட்டி மாருதியின் ஆல்டோ 800, வேகன்ஆர், ஹூண்டாயின் ஐ10 ஆகிய மூன்றுக்கும் இடையில்தான்.

2012 அக்டோபரில் வந்த ஆல்டோ 800, இந்த மூன்றில் செலவு மிகக் குறைந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். திருத்துறைப்பூண்டியானாலும் சீர்காழியானாலும் அதைத் திறந்து பார்க்கத் தயங்கும் மெக்கானிக் இல்லை, உதிரிபாகம் அன்றைக்கே கிடைத்துவிடும். டெல்டாவில் ஏற்றம் என்பதே ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான் என்பதால், சிறிய இன்ஜின் இங்கே ஒரு குறையாகத் தெரிவதில்லை. சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றி ஏசி போட்டு, முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட நினைக்கும்போதுதான் அதன் மூச்சு வாங்குவது தெரியும். பெரிய குறை வேறு: பின்னிருக்கை குறுகல், வண்டி தாழ்வு. முழங்கால் வலிக்கும் அம்மா அதில் குனிந்து இறங்கி உட்கார்ந்து, மறுபடி எழுந்து வருவதை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகன்ஆர் அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2010இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியைச் சொல்கிறேன். உயரமான கூரை, நாற்காலியில் உட்காருவது போன்ற இருக்கை. குனிய வேண்டியதில்லை. 998 சிசி கே10 இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். எண்ணெயை ஒழுங்காக மாற்றிய வண்டியில் அது நெடுநாள் உழைக்கும். பின்னிருக்கையை மடக்கினால் உர மூட்டையும் ஏறும், தேங்காயும் ஏறும். கிராமத் தெருவின் அளவுகெட்ட வேகத்தடைகளில் அடிதட்டுவதும் குறைவு. உயரம் அதிகம் என்பதால் வேகமாகப் போகும்போது பக்கக் காற்றில் சற்று ஆடும். நாகப்பட்டினம் சாலையில் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஓட்டினால் அது புரியும். அதைத் தவிர இந்தக் குடும்பத்துக்கு அதில் நான் பெரிய குறை காணவில்லை.

ஐ10 ஓட்டுவதற்கு மூன்றிலும் இனிமையானது. 1.2 லிட்டர் கப்பா இன்ஜின் உள்ள வண்டியாகத் தேடுங்கள், அதிலும் செயின்தான். 1.1 லிட்டர் வண்டி சான்ட்ரோவின் இன்ஜின் வழி வந்தது என்பதால் பெல்ட் கதை அதற்கும் பொருந்தும். உதிரிபாகத்துக்கு மாருதியைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

டீசல் ஸ்விஃப்டைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அந்த 1248 சிசி இன்ஜின் நல்ல இன்ஜின், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு லட்சத்தில் கிடைக்கும் டீசல் ஸ்விஃப்ட், நிறைய ஓடிக் களைத்த வண்டியாகவே இருக்கும். இன்ஜெக்டர், டர்போ, எரிபொருள் பம்ப் என்று எதைத் தொட்டாலும் பெட்ரோல் வண்டியின் பல மாதச் செலவு. தினமும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போய்வருகிறவருக்கு அது கட்டுப்படியாகலாம், மாதத்துக்கு நாலைந்து பயணம் போகும் வீட்டுக்கு ஆகாது. இண்டிகா இன்னும் மலிவாக வரும். அவற்றில் பல மஞ்சள் போர்டு போட்டு வாடகைக்கு ஓடியவை. பதிவுச் சான்றில் வண்டியின் வகை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஸ்விஃப்ட் எல்லாமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். இந்த விலைக்கு அந்த ஆண்டு வண்டி கிடைப்பது கடினம். எனவே அதே மாடலில் ஏர்பேக், ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள மேல்வகை கிடைத்தால் பத்தோ பதினைந்தோ ஆயிரம் கூடுதலாகக் கொடுங்கள். அலாய் வீலுக்கும் பெரிய மியூசிக் சிஸ்டத்துக்கும் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், மாடலைவிட முக்கியமாக நான் பார்ப்பது வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதை. டெல்டாவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளினாலே வண்டியின் ஆயுள் மாறுகிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்தில் நின்ற வண்டியின் தகட்டை உப்புக் காற்று கீழிருந்து தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு பொரிந்திருந்தால் திரும்பிவிடுங்கள். இன்ஜினைச் சரிசெய்யலாம், இற்றுப்போன அடித்தளத்தை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2013 வேதாரண்யம் வேகன்ஆரும் அதே விலைக்கு மன்னார்குடி ஆல்டோவும் நின்றால், அம்மாவின் முழங்காலையும் மீறி நான் ஆல்டோவைத்தான் எடுப்பேன்.

சென்னையிலிருந்து வரும் வண்டிக்கு வேறு சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் தண்ணீர்க் கறை கோடு காட்டும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, பத்து வயது வண்டிக்குப் புத்தம்புதுக் கம்பளம், ஏசி போட்டதும் வரும் ஈர வாடை, இவற்றில் இரண்டு சேர்ந்து தென்பட்டால் வேண்டாம்.

காரைக்கால் வண்டி, அதாவது பிஒய் 02 எண், கவர்ச்சியான விலையில் வரும். அது புதுச்சேரிப் பதிவு. தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் விலையோடு கூட்டி ஒப்பிடுங்கள். அப்போது டிஎன் 50 (திருவாரூர்), டிஎன் 68 (கும்பகோணம்) வண்டியோடு வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

உள்ளூர் வண்டிக்கும் உள்ளூர்க் காயங்கள் உண்டு. வைக்கோல்போர் ஓரம் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். பானெட்டைத் திறந்து டேப் சுற்றிய ஒட்டுகளைத் தேடுங்கள். சாலையில் உளுந்துச் செடியையும் வைக்கோலையும் பரப்பிக் காயவைக்கும் நாட்களில் அதன்மேல் ஓடிய வண்டிக்கு, தண்டுகள் அச்சில் சுற்றி ரப்பர் உறையைக் கிழித்திருக்கலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது முன்சக்கரத்திலிருந்து டக் டக் என்று ஓசை வந்தால் அதுதான் காரணம். டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

இரண்டு லட்சம் இருந்தால் வண்டிக்கு ஒன்று எழுபத்தைந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி டயருக்கும் பேட்டரிக்கும் எண்ணெய் மாற்றத்துக்கும் முதல் மாதமே தேவைப்படும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய வண்டியின் எரிபொருள் குழாய்களையும் மெக்கானிக்கிடம் காட்டி இறுகியவற்றை மாற்றச் சொல்லுங்கள்.

பணம் கைமாறும் அன்றே, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் விற்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கடனில் எடுத்த வண்டியானால் வங்கியின் தடையின்மைச் சான்றும், பதிவிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், மாற்றாமல் விபத்தானால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். பதிவுச் சான்றில் பெயர் மாறும்வரை பத்தாயிரம் ரூபாயாவது நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்குத் தரகர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.