அத்தையின் கையெழுத்து

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் கும்பகோணம் போயிருந்தேன். அத்தைக்கு வயது 78. இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெற்றிலை, சீவல், புகையிலை எல்லாவற்றையும் அந்தக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வார். வீட்டில் எல்லோரும் அவரிடம் வாய்ப்புண் என்றே சொல்லிவைத்திருந்தார்கள்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அறை வாரியாகக் கட்டண விவரம் வந்தது. "நீங்கள் விமானம் ஏறுவதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாம்" என்றார்கள். என் டிக்கெட்டைப் பார்த்தா அத்தைக்கு நாள் குறிப்பது? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சென்னைக்கு அழைத்துப்போனோம். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே மருத்துவர் அத்தையைப் பார்த்தே பேசினார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார். சுவர்வரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போல மூச்சுப் பிடித்து நடந்தார். வயது தடையில்லை, மெலிந்திருப்பதுதான் கவலை என்றார் மருத்துவர். இரண்டு வாரம் முட்டை, பால், சத்துமாவுக் கஞ்சி. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். கன்னத்தில் புண்ணோடு சுற்றுச் சதையையும் எடுத்து, கழுத்து நெறிக்கட்டிகளையும் நீக்கி, தொடைச் சதையால் கன்னத்தை மூடுவதாகச் சொன்னார்.

அத்தை கேட்டது ஒன்றுதான்: "மூக்கில் குழாய் எத்தனை நாள் இருக்கும்?" தையல் ஆறும்வரை உணவு அந்தக் குழாய் வழியேதான், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் என்றார் மருத்துவர். பக்கத்து வீட்டுப் பாட்டி மாதக்கணக்கில் குழாயோடு கிடந்ததைப் பார்த்தவர் அத்தை. அந்தப் பயத்தை எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நோய் வருமுன்பே ஊரில் உள்ள பெரியவர்களுக்கு இதைச் செய்துவையுங்கள்.

ஒப்புதல் படிவத்தை என் பக்கம் நீட்டினார்கள். "கொடு இப்படி" என்று வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார் அத்தை.