டைம் வார்னர் கேபிள்: சார்ட்டரா, காம்காஸ்ட்டா?

மூன்றும் அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள். 2014 ஜனவரியில் டைம் வார்னர் கேபிளை வாங்க, ஒரு பங்குக்கு 132.50 டாலர் தருவதாகச் சார்ட்டர் சொன்னது. அதில் 83 டாலர் ரொக்கம், மீதி சார்ட்டர் பங்கு. 160க்குக் குறைந்து பேச்சே இல்லை என்று டைம் வார்னர் கேபிள் கையை விரித்தது. அடுத்த மாதமே காம்காஸ்ட் வந்தது: டைம் வார்னர் கேபிளின் ஒரு பங்குக்குத் தன் பங்கு 2.875 தருவதாகச் சொன்னது, அன்றைய கணக்கில் சுமார் 159 டாலர்.

தாளில் காம்காஸ்ட்தான் கொழுத்த பேரம். ஆனால் ரொக்கம் ஒரு காசு இல்லை. காம்காஸ்ட் பங்கு சரிந்தால் கையில் வருவதும் சரியும். அதைவிடப் பெரிய சிக்கல் வாஷிங்டன், அதாவது இணைப்புக்கு அரசு அனுமதி. நாட்டின் முதல் இரண்டு கேபிள் நிறுவனங்கள் ஒன்றானால் பிராட்பேண்ட் சந்தையில் பெரும்பங்கு ஒரே கையில். சார்ட்டர் சின்ன ஆள், கடன்தான் அதிகம். அனுமதி கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

என் கணக்கில், விலையை மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். 2015 ஏப்ரலில் காம்காஸ்ட் பின்வாங்கியது, பேரம் முறிந்தால் தரும் இழப்பீடான முறிவுக் கட்டணம்கூட இல்லாமல். அடுத்த மாதமே சார்ட்டர் திரும்பி வந்து 195 டாலருக்கு மேல் கொடுத்தது. பங்கை விற்காமல் வைத்திருந்தவருக்கு அடித்தது யோகம்! 2016 மே மாதம் பேரம் முடிந்தது.