"ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க" என்று விற்றால் வாங்காதீர்கள்

பழைய ஆம்ப்ளிஃபயர், ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகச் சேர்ந்த செட்) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரோட்டுப் பக்கம் எனக்கு நேர்ந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. இப்படி ஒரு கடைதான் இருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவியும் இல்லை, இப்போது.

ஆவணியில் ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவரை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். "சிங்கப்பூர் செட்டுங்கண்ணா, ஒரே கை பட்டது" என்றார் கடைக்காரர். நான் போனபோதே செட் பாடிக்கொண்டிருந்தது. மேல்மூடியில் கை வைத்தேன், நல்ல சூடு. தரமான செட் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். கூடவே வீட்டுக் கரண்டின் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டியும் கொடுத்தார். பணத்தை எண்ணி உள்ளே வைத்த பிறகுதான் அறிவுரை வந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்கண்ணா, ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க. ஓடிட்டே இருக்கிற மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. போட்டுப் போட்டு நிறுத்தினாத்தான் காயில் போகும். இதுவும் அப்படித்தானுங்க."

கிணற்று மோட்டாரைச் சொன்னால் எங்கள் ஊரில் எவன் நம்பமாட்டான்? இரண்டு முறை காயில் கட்டியவன் நான். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சர்கள் ஸ்விட்ச் போடும் நொடியில் காலியாக இருப்பதால் ஒரே மூச்சில் இழுக்கும். ஃபியூஸுக்கும் ஸ்விட்சுக்கும் அது அடிதான். சரி, கடைக்காரர் பேச்சைக் கேட்போம் என்று ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) ஷோகேஸுக்குள் வைத்து, ராத்திரி பகலாக எரியவிட்டேன்.

ஐப்பசி மழையில் நமுத்துப்போன தீப்பெட்டியை அம்மா அதன்மேல் வைத்து உலர்த்த ஆரம்பித்தார். "ஏனுங்க, பாட்டே கேக்காம இது எதுக்கு எரியுது?" என்று வீட்டில் கேட்டதற்குக் கண்டன்சர் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அப்புறம் ஈபி பில் வந்தது. வழக்கமாக 430 யூனிட் ஓடும் வீடு, 528. பிளக்கில் மாட்டும் மீட்டரை வாங்கிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சும்மா கிடக்கும்போது, ஸ்டெப் டவுனையும் சேர்த்து 68 வாட். 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 98 யூனிட். 500-ஐத் தாண்டினால் மேலே போன 28 யூனிட்டோடு விடமாட்டார்கள். 101-லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கே விலை இரட்டிப்பாகிவிடும். 900 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

அதுகூடப் பரவாயில்லை. கார்த்திகையில் மாதாந்திர ஷட்டவுன், காலை 9 முதல் மாலை 5 வரை. கடைக்காரர் சொன்னதை நான் கேட்டேன், ஈபிக்காரர்கள் கேட்கவில்லை. கரண்ட் வந்ததும் செட்டில் லைட் எரிந்தது. ஆனால் சில நொடி கழித்து உள்ளிருந்து வரும் "டக்" வரவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் ஸ்பீக்கரைச் சேர்க்கும், அந்தச் சத்தம் அது. காத்திருந்தேன். ஊமை.

கடைக்குத் தூக்கிப்போனேன். "ஆஃப் பண்ணிட்டீங்களா? அதானுங்கண்ணா!" பதினைந்து நாள் வைத்திருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் நாலும் போய்விட்டது, புதுசு போட்டேன் என்று 6,500 ரூபாய் வாங்கினார். கழற்றிய பழசைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். திரும்ப வாங்கப் போனபோதும் செட் பாடிக்கொண்டுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன், பாடியது. அடுத்த மாத ஷட்டவுனில் மறுபடி ஊமை.

மச்சான் சொல்லி கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். மூடியைக் கழற்றியவர் முதலில் பேத்தியின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கினார். ஸ்விட்சைப் போட்டார், ரிலே வரவில்லை. பவர் சப்ளை பக்கம் இருந்த குட்டிக் கண்டன்சர்கள்மேல் சூடான காற்றை அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "டக்."

"பாத்தீங்களா தம்பி, சூடா இருந்தாத்தான் இது எந்திரிக்கும்" என்றார்.

கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் காய்ந்துபோனால் குளிர்ந்த நிலையில் வேலை செய்யாது, சூடு ஏறினால் கொஞ்சம் உயிர் வரும். கடைக்காரர் ஆஃப் செய்யாதே என்றது செட்டைக் காப்பாற்ற அல்ல, இந்தக் கோளாறை மறைக்க. அதிலும் சூடுதான் கண்டன்சருக்கு எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஒரு வருடம் விடாமல் எரிந்தால் 8,760 மணி நேரம், அதுவும் மூடிய ஷோகேஸுக்குள், சித்திரையில் 40 டிகிரி தாண்டும் ஊரில்.

பெரியவர் செட்டின் முதுகைக் காட்டினார். 100 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அது ஜப்பான் வீட்டுக் கரண்ட். சிங்கப்பூரிலும் நம்மைப்போல 230 தான். எஃப்எம் டயலும் 76-ல் தொடங்கி 90-ல் முடிகிறது, நம்மூர் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. நான் ஏரியல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! ஸ்டெப் டவுனோ 110 வோல்ட்டுக்கானது. ராத்திரி எங்கள் லைனில் 245 வரும்போது 100 வோல்ட் செட்டுக்குள் 117 போயிருக்கிறது.

கடைக்காரர் போட்ட புது டிரான்சிஸ்டர்கள் 5200, 1943 என்று நம்பர் போட்டவை. ஒன்றைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி உடைத்தார். உள்ளே எள்ளு மாதிரி ஒரு சின்னச் சில்லு. அசல் என்றால் சில்லு இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்குமாம். இந்த இரண்டு நம்பரிலும் டூப்ளிகேட் தாராளமாகப் புழங்குகிறது. நான் கொடுத்த 6,500 அந்த எள்ளுக்குத்தான்.

பெரியவர் கண்டன்சர், அசல் டிரான்சிஸ்டர், சரியான 100 வோல்ட் ஸ்டெப் டவுன் எல்லாம் சேர்த்து 5,200 வாங்கினார், பழைய சாமானைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். இப்போது பாட்டு முடிந்ததும் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறேன். காலையில் போட்டால் ஐந்தாறு நொடியில் "டக்" கேட்கிறது. இடி மின்னல் நாளில் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று மச்சான் சொன்னார். கடைக்காரர் கொடுத்தது கால்குலேட்டர் பேப்பரில் எழுதிய வெறும் தொகை, கடைப் பெயர்கூட இல்லை. அது என் தப்பு.

வாங்கப் போகிறவர்கள் போனில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். போனதும் மூடியைத் தொடுங்கள். சூடாக இருந்தால் அணைக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து, சாப்பிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து உங்கள் கையாலேயே ஸ்விட்சைப் போடுங்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே மேஜையில் வேறொரு செட் பாடிக்கொண்டிருந்தது.