மூன்று வகைக் கணினி, ஒரே கோப்புறை: எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றையும் ஒரே வலைப்பின்னல் சுவிட்சில் இணைப்பது எளிது. மூன்றுக்கும் டிசிபி/ஐபி என்ற பொது மொழி தெரியும்; கேபிளைச் செருகினால் முகவரி வந்துவிடும். மூன்றிலிருந்தும் ஒரே கோப்புறையைத் திறந்து வேலை செய்ய வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு உள்ள முக்கிய வழிகள் இரண்டு: விண்டோஸோடு வளர்ந்த எஸ்எம்பி (SMB), சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் (NFS). ஆப்பிளின் சொந்தப் பகிர்வு முறையான ஏஎஃப்பியை (AFP) விட்டுவிடலாம். 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் மேக்கே எஸ்எம்பிக்குத்தான் முதலிடம் கொடுக்கிறது.

இவ்விரண்டையும் பலர் வேகத்தை வைத்து எடைபோடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: கோப்பைக் கேட்டு வருபவர் யார் என்று சர்வர் எப்படித் தெரிந்துகொள்கிறது?

எஸ்எம்பி ஆளை விசாரிக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தினால்தான் உள்ளே விடும். என்எஃப்எஸ், வழக்கமான அமைப்பில், கணினியின் சொல்லை நம்புகிறது. 'இவர் 1000-ஆம் எண் பயனர்' என்று கணினி சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும். ஆகவே தனித்தனியாக நிறுவிய இரண்டு உபுண்டு கணினிகளில் இருப்பவர்கள் இருவரும் சர்வரின் கண்ணுக்கு ஒரே ஆள். ஒருவர் வைத்த சம்பளப் பட்டியலை மற்றவர் திறக்கலாம், திருத்தலாம், அழித்தும் விடலாம். மேக்கில் முதல் கணக்கின் எண் 501. அங்கிருந்து எழுதிய கோப்பை லினக்ஸில் பார்த்தால், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 501 நிற்கும். ஆள் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் அதை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர் சிறிய அலுவலகத்தில் இருப்பது அரிது.

கலவையான அலுவலகத்துக்கு என் தேர்வு, லினக்ஸ் சர்வரில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பாவை நிறுவி எஸ்எம்பி வழியாகப் பகிர்வதுதான். விண்டோஸிலும் மேக்கிலும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒருவர் எக்செல் கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் இன்னொருவர் திறந்தால், 'படிக்க மட்டும்' என்று வரும். மேகச் சேமிப்பில் ஒத்திசைக்கும் கோப்புறையில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. இருவரும் திருத்தினால் இரண்டு பிரதிகள் கிடக்கும், எது சரி என்று வரிவரியாகத் தேட வேண்டியதுதான்.

என்எஃப்எஸ்ஸுக்கு உரிய இடம் உண்டு. லினக்ஸ் கணினிகள் மட்டுமே கூடி நிரல் தொகுக்கும் பிரிவில் அதைத்தான் வைப்பேன்; கோப்பு அனுமதிகளும் குறியீட்டு இணைப்புகளும் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) சிதையாமல் போய்ச் சேரும். விண்டோஸின் ஹோம் பதிப்பிலோ என்எஃப்எஸ் சர்வரோடு இணையும் மென்பொருளே (கிளையண்ட்) கிடையாது.

எஸ்எம்பியில் நான் விடாமல் எச்சரிப்பது அதன் முதல் பதிப்பைப் பற்றி. 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய ஸ்கேனருக்கு அந்தப் பதிப்பு மட்டுமே தெரியும் என்பதற்காகச் சர்வரில் அதைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி அதில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஸ்கேனரை மாற்றுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கோப்பு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய வட்டு வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். அந்தப் பெயர் என்எஃப்எஸ் வழியே லினக்ஸுக்கு அப்படியே போனால், கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு 'கோப்பு'கள் ஒரே கோப்புறையில் இருக்க முடியும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். மேக்கில் என்எஃப்எஸ்ஸை இணைக்கும்போது 'என்எஃப்சி' (nfc) என்ற விருப்பத்தைச் சேர்த்தால், பெயர்கள் சேர்ந்த வடிவிலேயே சர்வருக்குப் போகும்.