4711 கொலோன்: ஏழு ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்

பணி நிமித்தம் ஜெர்மனி சென்றுள்ள நண்பர் ஒருவர், திரும்பும்போது தமக்கு 4711 கொலோன் என்னும் வாசனை நீர் ஒரு குப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தார். ஏழு ஆண்டுகளாக அதைப் பூசிவருபவன் நான் என்றாலும், வாங்குங்கள் என்று ஒரு சொல்லில் பதில் எழுத மனம் வரவில்லை.

உள்ளங்கையில் சிறிது ஊற்றிக் கழுத்திலும் முழங்கையிலும் தடவியபின் வரும் முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஈடாக வேறெந்த வாசனைத் திரவியத்தையும் நான் சொல்லமாட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் ஆகியவற்றின் தோல் எண்ணெய்கள் ஒருசேர எழுகின்றன. பெர்கமாட் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாக் கடலோரத்தில், தோலில் உள்ள எண்ணெய்க்காகவே வளர்க்கப்படும் பழம். எலுமிச்சையின் கூர்மையோடு லாவண்டர் பூவின் மென்மையும் அதில் சேர்ந்திருப்பதற்கு, லினலைல் அசிடேட் என்னும் சேர்மம் பெர்கமாட், லாவண்டர் இரண்டிலும் மிகுந்திருப்பதே காரணம்.

ஆனால் காலை ஏழு மணிக்குப் பூசினால் எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறும்போது அந்த எலுமிச்சை இருப்பதில்லை. ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் இதே ஏமாற்றம். இதற்கு நிறுவனத்தைக் குறைசொல்ல வழியில்லை. பழத்தோல் எண்ணெயில் மிகுந்திருக்கும் லிமோனீன் எடை குறைந்த, விரைந்து ஆவியாகும் பொருள். கொலோன் வகையிலோ மணப்பொருளே பொதுவாக 2 முதல் 5 விழுக்காடுதான், மீதமெல்லாம் ஆல்கஹாலும் நீரும். 1966இல் தியோர் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ஓ சவாஜ் என்ற புகழ்பெற்ற எலுமிச்சை வாசனையை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா, ஹெடியோன் என்னும் மல்லிகைச் சாயலுள்ள பொருளைச் சேர்த்து அதற்கு நீண்ட ஆயுள் தந்தார். அங்கும் நெடுநேரம் நிற்பது மல்லிகைச் சாயல்தான். எலுமிச்சை முன்னதாகவே விடைபெற்றுவிடுகிறது.

ஃபரினா குடும்பத்தார் 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொழில் தொடங்கியதை ஒட்டிப் பெயர்பெற்ற இந்த வகை நீர், நம் வீடுகளுக்கு ஓடிகொலோன் என்ற பெயரில் காய்ச்சல் மருந்தாகவே அறிமுகமானது. நனைத்த துணி நெற்றியைக் குளிரச் செய்வது, அது விரைந்து ஆவியாவதால்தான். நான் குறையாகக் கருதும் அதே இயல்பு நோயாளிக்கு இதமாக இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் என் எரிச்சல் தணியவில்லை.

எலுமிச்சை போனபின் தோலில் தங்குவதைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. கசப்பு ஆரஞ்சு என்ற ஒரே மரத்தின் பூவிலிருந்து நெரோலி எண்ணெயும், இலை, இளங்குச்சிகளிலிருந்து பெட்டிகிரெய்ன் எண்ணெயும் வடிக்கப்படுகின்றன. இவற்றின் மணமே தங்குகிறது. கையை மூக்கருகே கொண்டுசென்றால்தான் தெரியும் அந்த மிச்சத்தில், நாரத்தை இலையை நரம்பு கிழித்து, மிளகாயும் ஓமமும் சேர்த்து வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கும்போது எழும் பச்சைக் கசப்பை நான் உணர்கிறேன். பழத்தைவிட இலைதான் இதன் உயிர் என்று எனக்குப் புரிய மூன்று ஆண்டுகளாயின. அதன்பின் முதல் ஐந்து நிமிடங்களுக்காக அன்றி, இந்த மங்கிய இலை வாசனைக்காகவே பூசத் தொடங்கினேன்.

நான்காவது குப்பியில் அதுவும் கிடைக்கவில்லை. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் பல மாதங்கள் வைத்திருந்ததைக் கடைக்காரர் விலை குறைத்து என் தலையில் கட்டிவிட்டார். ஒளியும் காற்றும் பட்டால் லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து டர்பன்டைன் போன்ற நெடி தரும். தோலில் அரிப்பையும் உண்டாக்கக்கூடும். திறந்ததும் வார்னிஷ் வாடையே வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். மாலை வரை மணக்க வேண்டும் என்று விரும்புபவர் அவர். அவருக்கு இது பணவிரயம். என் மேசையின் இழுப்பறையில் ஐந்தாவது குப்பி இருக்கிறது. நான் சொன்ன குறைகளையும் மீறி வாங்குவோர் சிறிய குப்பியாக வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில் இறுக மூடி வைத்து, தோலைவிடப் பருத்திக் கைக்குட்டையில் ஊற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் துணியில் அந்த இலை வாசனை பிற்பகல் வரை நிற்கிறது.