கியர் லீவர் ஆடுகிறதா: புஷ் மாற்றுவதா, ஷார்ட் ஷிஃப்டர் போடுவதா?

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் காரில் லீவர் விழப்போகிற பல் போல ஆடினால், பலர் உடனே ஷார்ட் ஷிஃப்டர் (கை குறைந்த தூரம் நகர்ந்தாலே கியர் விழ வைக்கும் மாற்று லீவர்) தேடுகிறார்கள். எனக்கென்னவோ அது அவசரப்படுவதாகத்தான் படுகிறது. அந்தக் காரில் லீவர் நேராக கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதன் அடிமுனை உருண்டைக்குத் தொப்பி மாதிரி ஒரு சின்ன நைலான் புஷ், மேலே ஒரு ரப்பர் பூட் (உறை), அவ்வளவுதான். கழற்றிப் பாருங்கள்: புஷ் விரிசல் விட்டிருக்கும், பூட் கிழிந்து சூடும் சத்தமும் உள்ளே வந்துகொண்டிருக்கும், ஆயில் நிற்க வேண்டிய குழி வறண்டு கிடக்கும். இதை மாற்றி ஆயில் ஊற்றினாலே லீவர் ஆடாமல் 'டக்'கென்று கியரில் விழும்.

ஷார்ட் ஷிஃப்டர் வேறு சங்கதி. லீவர் சுழலும் புள்ளிக்கு மேலும் கீழும் உள்ள நீள விகிதத்தை அது மாற்றுகிறது. கை நகரும் தூரம் குறையும், பதிலுக்கு அழுத்தம் கூடும். ஓட்ட ஜாலிதான், மறுக்கவில்லை. ஆனால் சிங்க்ரோ (கியர் விழும்முன் பல்சக்கர வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்து 2-ஆம் கியர் ஏற்கெனவே கரகரவென்றால் இரண்டு வழியும் உதவாது, ஷார்ட் ஷிஃப்டரில் வேகமாகத் தள்ளுகிற கை அதை இன்னும் கெடுக்கும். அப்புறம், ஷார்ட் ஷிஃப்டர் கிட் போட்டாலும் அந்தப் பழைய புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.